பழைய பிக்கப்புக்கு டிஃபரன்ஷியல் லாக்: பணம் போடும் முன் பார்க்க வேண்டியவை

சரக்கு வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. விவசாய டிராக்டருக்கு 12 சதவீதம் 5 சதவீதமானது. புது பிக்கப்பின் விலை இறங்கியது உண்மைதான். ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடிய வண்டியை விற்றுக் கிடைக்கும் தொகையை வைத்துக்கொண்டு, புது வண்டிக்கு முன்பணமும் மாதத் தவணையும் கட்டுவது எல்லோராலும் முடிகிற காரியமல்ல. அதனால் இருக்கிற வண்டியையே சேற்றுக்குத் தோதாக்கிக்கொள்ளலாமா, டிஃபரன்ஷியல் லாக் போடலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றால், அது நியாயமான யோசனையே.

குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் அடுத்தடுத்து வரும் டெல்டா பகுதியில் இந்தக் கேள்விக்கு அவசரமும் உண்டு. களத்து மேட்டிலிருந்து தார்ச்சாலை வரையுள்ள அரைக் கிலோமீட்டரில் வண்டி மாட்டிக்கொண்டால் மூட்டை நனையும், இழுக்க வரும் டிராக்டருக்கும் கூலி கொடுக்க வேண்டும். ஆனால் தவறான லாக்கைத் தவறான ஆக்சிலில் மாட்டினால் நஷ்டம் அதைவிடப் பெரிதாக இருக்கும்.

ஒற்றைச் சக்கரம் மட்டும் ஏன் சுழல்கிறது?

பொலிரோ பிக்கப், டாடா 207, ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த் போன்றவை பின்சக்கர இழுவை வண்டிகள். திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரமும் உள்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுப்பதுதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் எப்போதும் சம அளவு விசையையே தரும். அதன் பலவீனமும் அதுதான்.

ஒரு கணக்காகப் பாருங்கள். சேற்றில் நிற்கும் இடது சக்கரம் 20 பங்கு விசையைத்தான் தாங்கும், அதற்கு மேல் வழுக்கிவிடும். கெட்டித் தரையில் நிற்கும் வலது சக்கரம் 100 பங்கு தாங்கும். சாதாரண டிஃபரன்ஷியல் வலதுக்கும் 20 மட்டுமே தரும். மொத்தம் 40. எஞ்சினில் எவ்வளவு பலம் இருந்தாலும் பயனில்லை.

லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், அதாவது எல்எஸ்டி, பிடிப்புள்ள சக்கரத்துக்கு இரண்டு மூன்று மடங்கு விசையை அனுப்பும். மூன்று மடங்கு என்றால் 20-ம் 60-ம் சேர்ந்து 80. முழு லாக் இரண்டு ஆக்சிலையும் ஒன்றாகக் கட்டிவிடும். அப்போது 20-ம் 100-ம் சேர்ந்து 120.

இடது சக்கரம் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் தொங்கினால் அதன் பங்கு பூஜ்யம். பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யமே. பல் சக்கர வகை எல்எஸ்டி அங்கே கைவிடும். தட்டு வகையில் சிறிதளவு இழுவை மிஞ்சும். ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் மட்டும் இழுத்து மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுத்தால், தொங்கும் சக்கரத்துக்கு எதிர்ப்பு கிடைத்து மறுபக்கம் கொஞ்சம் விசை போகும். முழு லாக்குக்கு இந்த உபாயம் தேவையில்லை.

நான்கு வகைகள்

தட்டு வகை எல்எஸ்டியில் கிளட்ச் போன்ற தட்டுகள் இருக்கும். அவை தேயும். எல்எஸ்டிக்கான தனி எண்ணெய் ஊற்ற வேண்டும். தேய்ந்தால் சத்தமில்லாமல் சாதாரண டிஃபரன்ஷியலாக மாறிவிடும். பழைய மார்க்கெட்டில் வாங்கினால் தட்டைப் பிரித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பல் சக்கர வகை எல்எஸ்டியில் தேயும் தட்டு இல்லை. சாலையில் சுமையோடு ஓடுவதற்கு இது அமைதியானது. சக்கரம் தூக்கும் பள்ளங்களில் மட்டும் உதவாது.

தானியங்கி லாக்கரில் இரண்டு விதம். ஒன்று எப்போதும் பூட்டியிருந்து, திரும்பும்போது மட்டும் விடுவது. விலை குறைவாக இருக்கலாம், ஆனால் திருப்பத்தில் டக்கென்று சத்தமும் உதறலும் வரும். டயர் சீக்கிரம் தேயும். காலி வண்டியாக மழைச் சாலையில் போகும்போது பின்பக்கம் விலகும் ஆபத்தும் உண்டு. இன்னொன்று ஈட்டன் நிறுவனத்தின் இயந்திர லாக்கர். இரண்டு சக்கரத்தின் வேகமும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வேறுபட்டால் தானே பூட்டிக்கொள்ளும். மணிக்குச் சுமார் 30 கி.மீ.க்கு மேல் பூட்டாது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களில் 1973 முதல் இந்த வகை வந்தது. இங்கே மஹிந்திரா இதை 2015-ல் தார் வண்டியிலும், 2021-ல் பின்சக்கர இழுவை மட்டுமே உள்ள பொலிரோ நியோவின் உயர் ரகத்திலும் கொடுத்தது. நாலு சக்கர இழுவை இல்லாத வண்டிக்கும் பின் லாக்கர் பயன்படும் என்பதற்கு அதுவே சாட்சி.

கடைசி வகை, ஓட்டுநர் தேவைப்படும்போது போடும் லாக். காற்று, மின்சாரம், கேபிள் என மூன்று விதத்தில் இயங்கும். டிராக்டரில் குதிகாலால் மிதிக்கும் டிஃபரன்ஷியல் லாக்கின் அதே வேலைதான். சக்கரம் சுழன்று குழி பறிக்கும் முன்பே போட வேண்டும். நேராக ஓட்ட வேண்டும். கெட்டித் தரை வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

வாய்க்கால் கரையில் எச்சரிக்கை

லாக் எல்லா இடத்திலும் நன்மை என்று எண்ணிவிடாதீர்கள். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றது சுழலாமல் தரையைப் பிடித்து நிற்கும். வண்டி பக்கவாட்டில் சரியாமல் காப்பது அந்தச் சக்கரம்தான். லாக் போட்டு இரண்டும் ஒன்றாகச் சுழன்றால் அந்தப் பிடிப்பும் போய்விடும். பக்கச் சரிவுள்ள வாய்க்கால் கரையில், ஈரக் களிமண்ணில், வண்டியின் பின்பக்கம் அப்படியே தண்ணீர்ப் பக்கம் இறங்கும். அங்கே லாக்கைவிட, பாதி மூட்டையை இறக்கிவிட்டுப் போவதே பாதுகாப்பு.

முதலில் ஆக்சிலைப் பாருங்கள்

லாக் போட்டால், இதுவரை இரண்டு ஆக்சில் ஷாஃப்டுகள் பகிர்ந்த விசை முழுவதும் சில நேரம் ஒரே ஷாஃப்டில் விழும். பழைய ஷாஃப்டில் பல்வரிகள் முறுக்கியிருந்தால் அங்கேயே ஒடியும். சக்கரத்தின் நடுவில் ஷாஃப்டின் தட்டு தனியாகப் போல்ட் போட்டு நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அது சுமையை ஹப் தாங்கும் வகை. ஷாஃப்ட் ஒடிந்தாலும் சக்கரம் இடத்தில் இருக்கும். அப்படி இல்லாத வகையில் சுமையையும் ஷாஃப்டே தாங்குவதால், ஒடிந்தால் சக்கரமே கழன்று வரலாம். அந்த வண்டிக்கு முழு லாக் வேண்டுமா என்று இருமுறை யோசியுங்கள்.

டிஃபரன்ஷியல் எண்ணெயை வடித்துப் பாருங்கள். மினுமினுக்கும் தூள் கொஞ்சம் இருப்பது வழக்கம். விரலில் உறுத்தும் துண்டுகள் வந்தால் முதலில் கிரவுன், பினியன், பேரிங் வேலையை முடிக்க வேண்டும். வாங்கும் பொருளின் பல்வரி எண்ணிக்கை, கிரவுன் போல்ட் அளவு, பல் விகிதம் மூன்றும் உங்கள் வண்டியோடு பொருந்த வேண்டும். மாட்டும்போது கிரவுன், பினியன் இடைவெளியை நிறுவனக் கையேட்டின் அளவுக்கு வைத்து, பல்லில் சாயம் தடவிப் பதிவு பார்க்கும் மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள். பின் டயர்கள் இரண்டும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில் இருப்பது கட்டாயம். இல்லாவிட்டால் எல்எஸ்டி ஓயாமல் உரசித் தேயும்.

சட்டமும் வரியும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. டயர் அளவு பதிவில் உண்டு, டிஃபரன்ஷியல் வகை இல்லை. ஆகவே பெரிய டயர் மாட்டுவதுதான் நேரடிச் சிக்கல். இருந்தாலும் அதே நிறுவனத்தின் பொருளைப் பில்லோடு வாங்கி, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது. 8 ஆண்டு தாண்டிய வாடகை, சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று தேவை என்பதையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.

வரியில் ஒரு முரண் இருக்கிறது. பல டிராக்டர் பாகங்களுக்கு 5 சதவீதம், பிக்கப் பாகங்களுக்கு 18 சதவீதம். வயலில் விளைந்ததைச் சாலைக்குக் கொண்டுவரும் வண்டி, வரிப் பட்டியலில் விவசாயக் கருவியாகக் கருதப்படவில்லை. விவசாயச் சங்கங்கள் எழுப்ப வேண்டிய கோரிக்கை இது.

எதை முதலில் செய்வது?

ஒரு பருவத்தில் எத்தனை முறை, எந்த இடத்தில் மாட்டினீர்கள் என்று எழுதிப் பாருங்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து சுழன்றிருந்தால் எந்த லாக்கும் உதவாது. அங்கே தேவை நல்ல பட்டன் உள்ள டயரும் குறைந்த சுமையும்தான். எப்போதும் ஒரே இடத்தில் மாட்டினால், அந்த முப்பது நாற்பது அடிக்குப் பக்கத்து நிலத்துக்காரரோடு சேர்ந்து கிராவல் கொட்டுவது மலிவு. பெரும்பாலும் சாலையில் சுமை ஓட்டி, எப்போதாவது ஈரத்தில் இறங்குபவருக்கு எல்எஸ்டி போதும். பள்ளமும் மேடும் உள்ள தோட்டப் பாதையில் சக்கரம் அடிக்கடி அந்தரத்தில் தொங்குகிறது, ஆக்சிலும் உறுதியாக இருக்கிறது என்றால், ஓட்டுநர் போட்டு எடுக்கும் லாக் சரியான தேர்வு. எப்போதும் பூட்டியிருக்கும் லாக்கரை, நெடுஞ்சாலையிலும் ஓடும் பழைய பிக்கப்புக்குத் தவிர்த்துவிடுங்கள்.