பத்திகளுக்கு நடுவே இரண்டு பாயின்ட்

மாசி மக அழைப்பிதழ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலுக்கு மட்டுமல்ல, எந்த ஊர்த் திருவிழாவுக்கும் இலக்கணம் ஒன்றுதான். நாளுக்கு ஒரு பத்தி. அதற்குள் நேரம், வாகனம், மண்டகப்படி, உபயதாரர் பெயர். தாளின் அளவு முதலிலேயே முடிவாகிவிடும், பெயர்களின் எண்ணிக்கையோ கடைசி மணி வரை முடிவாகாது. இரண்டு வரி வழிந்தால் டிடிபி போடுகிறவர் என்ன செய்வார்? எல்லா எழுத்தையும் தெரிவு செய்து அளவைக் குறைப்பார், அல்லது அகலத்தை 90 விழுக்காட்டுக்கு நெருக்குவார், அல்லது லீடிங்கை, அதாவது வரிக்கு வரி உள்ள தூரத்தை, குறைத்து வரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குவார். பத்திகளுக்கு நடுவே உள்ள வெள்ளையைத் தொடுவது பெரும்பாலும் அவருக்குத் தோன்றுவதில்லை. அதைத்தான் முதலில் தொட வேண்டும் என்பது என் கட்சி. மிச்ச மூன்றும் தமிழ் எழுத்தின் உடம்பிலிருந்து சதையை அறுக்கிற வேலை.

தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் வேலை இருக்கிறது. கீ, மீ, நீ என்றால் சுழி மேலே ஏறுகிறது. கு, ரு, மூ என்றால் கோடு கீழே இறங்குகிறது. மெய்யெழுத்துக்கெல்லாம் தலையில் புள்ளி. லீடிங்கைக் குறைத்தால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் முட்டிக்கொள்ளும். நிழற்படி எடுத்தால் அந்த முட்டல் கறையாகிவிடும். அகலத்தை நெருக்கினால் வேறு கேடு. ன, ண இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஒரு சுழி. எட்டு பாயின்ட்டில் அச்சாகும் பெயர்ப்பட்டியலில் அந்தச் சுழிகள் ஒட்டிக்கொண்டால் உபயதாரர் தன் பெயரைத் தானே தேட வேண்டியதுதான். பத்தி இடைவெளியில் இப்படி எழுத்தின் உறுப்பு எதுவும் கிடையாது. அது வெறும் வெள்ளை. குறைத்தாலும் எந்த எழுத்தும் காயப்படாது.

கணக்கையும் பார்க்கலாம். ஒரு பக்கத்தில் எட்டுப் பத்திகள், வரிக்கு 14 பாயின்ட் லீடிங், பத்திக்குப் பத்தி 6 பாயின்ட் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரி வழிகிறது. எட்டுப் பத்திக்கு நடுவே ஏழு இடைவெளி. ஒவ்வொன்றிலும் இரண்டு பாயின்ட் எடுத்தால் 14 பாயின்ட், அதாவது சரியாக ஒரு வரி. ஓர் அங்குலத்துக்கு 72 பாயின்ட் என்பதால் இரண்டு பாயின்ட் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. வாசிக்கிறவர் கண்ணுக்குப் படாது. படாமல் இருக்க ஒரு நிபந்தனை உண்டு: ஏழிலும் சமமாக எடுக்க வேண்டும். கடைசி இரண்டு இடைவெளியை மட்டும் நசுக்கினால் பக்கத்தின் அடி கனத்துத் தொங்கும். விருத்தாசலத்தில் செராமிக் வேலை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. களிமண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும் என்று தெரிந்தே அச்சைப் பெரிதாகச் செய்கிறார்கள். எல்லாப் பக்கமும் ஒன்றுபோலச் சுருங்கினால் பொம்மை பொம்மையாக வரும், ஒரு பக்கம் மட்டும் சுருங்கினால் விரிசல் விடும்.

பக்கத்தை நெருக்கும் ஆசை அச்சுக்கலையின் வயதுடையது. கூட்டன்பர்க் 1455 வாக்கில் அச்சிட்ட பைபிளில் தொடக்கப் பக்கங்கள் 40 வரி. பிறகு ஒரு பக்கம் 41. அப்புறம் 42 வரியாக நிலைத்துவிட்டது. அச்சுப் பரப்பு பெரிதாகவில்லை, வரிகளைத்தான் நெருக்கினார். தரங்கம்பாடி மிஷனரிகளுக்கும் இதே தாள் கவலைதான். ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவை, தாளைத் தின்றன. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துத்தான் 1714, 1715 ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். கூட்டன்பர்க்கே வரியை நெருக்கினாரே, நாம் நெருக்கினால் என்ன என்று கேட்கலாம். அவர் ஒருமுறை முடிவு செய்து அதன்பின் வந்த பக்கங்களுக்கெல்லாம் அதையே வைத்துக்கொண்டார். நம் கடைகளில் நடப்பது அதுவல்ல. 12ஆம் பக்கம் ஒரு லீடிங், எதிரே 13ஆம் பக்கம் இன்னொன்று. விரித்துப் பிடித்தால் ஒரு பக்கம் கறுத்தும் மற்றது வெளுத்தும் தெரியும். இந்த விஷயத்தில் டொனால்ட் குனூத் போட்ட பாதை தெளிவானது. 1970களின் இறுதியில் அவர் உருவாக்கிய டெக் (TeX) என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் அடிப்படை அமைப்பில் வரிக்கு வரி 12 பாயின்ட், அது அசையாது. பத்தி இடைவெளி சுழியம், ஆனால் ஒரு பாயின்ட் நீளும் தன்மை அதற்கு உண்டு. பக்கத்தை நிரப்ப எதை இழுக்கலாம், எதை இழுக்கக் கூடாது என்பதைக் கணினியியல் பேராசிரியர் ஒருவர் இவ்வளவு சிக்கனமாகச் சொல்லிவிட்டார்.

பத்தி இடைவெளியைத் தொடுவதற்கு வலுவான மறுப்பு வேறொன்று. பத்தி இடைவெளியை இஷ்டத்துக்கு மாற்றினால் பக்கத்து நெடுவரிசையின் வரியும் இந்த நெடுவரிசையின் வரியும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. மெல்லிய தாளில் பின்பக்க வரி முன்பக்க வரிகளின் இடுக்கில் நிழலாகத் தெரியும். உண்மைதான். ஆகவே நாளிதழ்போலப் பல நெடுவரிசையாக ஓடும் பக்கத்துக்கு இந்த வழி ஆகாது. அங்கே கூட்டினாலும் குறைத்தாலும் முழு வரியாகத்தான். பத்திகளுக்கு இடைவெளியே விடாமல், முதல் வரியை உள்ளே தள்ளி அமைக்கும் நாவல்களுக்கும் ஆகாது. எடுக்க அங்கே வெள்ளையே இல்லை. அழைப்பிதழ், விலைப்பட்டியல், கட்டுரைத் தொகுப்பு, ஆண்டறிக்கை, அகராதி ஆகியவைதான் இதற்கு உரிய இடம். மணக்கொல்லை கண்மணி குணசேகரன் தொகுத்த ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ மாதிரியான நூலில் ஒவ்வொரு சொல்லும் ஒரு பத்தி. அப்படிப்பட்ட நூலுக்கு அரை பாயின்ட் கூடுவதும் குறைவதும் பக்கக் கணக்கையே மாற்றும். பதினாறு பக்க ஃபாரமாக அச்சிடும் நூலில் 160 பக்கம் 162 ஆனால் வருகிற செலவு இரண்டு பக்கத்தோடு நிற்பதில்லை.

இவ்வளவு பாடு எதற்கு, இரண்டு வரியை வெட்டிவிட்டால் போகிறது என்று பதிப்பாசிரியர்கள் சொல்வார்கள். வெட்ட முடிந்தால் அதுவே மேல். பத்தியின் கடைசி வரியில் ஒற்றைச் சொல் தொங்கினால் அதற்கு மேலே வேண்டாத ‘என்பது’ ஒன்றை எடுத்தாலே ஒரு வரி மிச்சம். தமிழ் உரைநடையில் அப்படி எடுக்கத்தக்கவை ஏராளம். (இந்தக் கட்டுரையிலும் இருக்கும்.) ஆனால் உபயதாரர் பெயரை வெட்ட முடியுமா? விலைப்பட்டியலில் ஒரு பீங்கான் சாமானின் அளவை வெட்ட முடியுமா? வெட்டக்கூடாத மேட்டருக்குத்தான் இடைவெளி வேண்டும்.

பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் பத்தி இடைவெளியை மாற்ற ஒரு வசதி இருக்கிறது. டெக்ஸ்ட் ஃபிரேம் ஆப்ஷன்ஸில் செங்குத்து அமைவை ஜஸ்டிஃபை என்று மாற்றினால், பத்தி இடைவெளி எவ்வளவு வரை கூடலாம் என்று ஓர் உச்சவரம்பு கேட்கும். அந்த வரம்பு வரை பத்திகளுக்கு நடுவே சமமாக விரிக்கும். அதற்குமேலும் இடம் மிச்சமிருந்தால்தான் வரிகளைத் தொடும். வரம்பைச் சுழியத்திலேயே விட்டால் வரிக்கும் பத்திக்கும் வேறுபாடு பார்க்காமல் பரப்பிவிடும். பலரும் இதை ஒருமுறை முயன்று பார்த்து வேண்டாம் என்று கைவிடுவது இதனால்தான். இன்னொன்று, இது விரிக்க மட்டுமே அறிந்தது, சுருக்காது. ஆகையால் 6 பாயின்ட்டில் தொடங்கிக் குறைக்கப் போராடுவதைவிட, ஸ்டைலிலேயே 3 பாயின்ட் வைத்து, 4 பாயின்ட் வரை கூடலாம் என்று வரம்பு கொடுப்பது மேல். அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்துக்கு மட்டும் இந்தக் கட்டளையை நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அரைப் பக்கத்தில் முடிகிற நாலு பத்தியை அது தாளின் அடிவரை இழுத்துப் போட்டுவிடும்.