எழுந்து நின்றார்கள், பாடவில்லை

கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்தில் உள்ள ஊர் கிடங்கூர். அங்குள்ள உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தினமும் காலையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ‘ஜன கண மன’ பாட வைப்பார்கள். 1985இல் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் அங்கே படித்தார்கள். அண்ணன் பத்தாம் வகுப்பு, தங்கைகள் ஒன்பதும் ஐந்தும். பாட்டு தொடங்கியதும் மற்றவர்களோடு இவர்களும் எழுந்து நிற்பார்கள். வாய் மட்டும் அசையாது.

அவர்கள் ‘யெகோவாவின் சாட்சிகள்’ சபையைச் சேர்ந்தவர்கள். எந்த நாட்டின் கீதத்தையும் பாடுவதில்லை, எந்தக் கொடியையும் வணங்குவதில்லை என்பது உலகெங்கும் அந்தச் சபையார் கடைப்பிடிக்கும் கட்டுப்பாடு. இவர்களுக்கு முன் அதே பள்ளியில் படித்த அக்காக்களும் இப்படித்தான் நின்றார்கள். அதை யாரும் ஒரு பிரச்சினையாக நினைத்ததில்லை.

அந்த ஜூலையில் பள்ளிக்கு வந்த ஒரு சட்டமன்ற உறுப்பினர் அதைக் கவனித்தார். தேசபக்திக்கு இழுக்கு என்று சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பினார். அரசு விசாரணைக் குழு அமைத்தது. பிள்ளைகள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பவர்கள், கீதத்துக்கு எந்த அவமரியாதையும் செய்யவில்லை என்று குழு அறிக்கை கொடுத்தது. விவகாரம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கல்வித் துறை அதிகாரி சொன்னதன் பேரில் ஜூலை 26ஆம் தேதி மூவரையும் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். அரசிடமிருந்து முடிவு வரும் வரையாவது வகுப்பில் உட்கார விடுங்கள் என்று தகப்பனார் கேட்டுப் பார்த்தார். தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார் தலைமை ஆசிரியை.

பிள்ளைகள் தரப்பில் வழக்குப் போட்டார்கள். கேரள உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியும் கைவிட்டார், இரு நீதிபதிகள் அமர்வும் கைவிட்டது. கீதத்தைச் சொல் சொல்லாக ஆராய்ந்து, யாருடைய மத உணர்வையும் புண்படுத்தும் சொல் எதுவும் இதில் இல்லை என்று முடிவு கட்டியது உயர் நீதிமன்றம். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டி, எம்.எம். தத் அமர்வு, கேள்வியே அதுவல்ல என்றது. கீதத்தில் குற்றமில்லை என்பது நீதிபதிகளின் கருத்தாக இருக்கலாம்; பிள்ளைகளின் நம்பிக்கை உண்மையானதா, மனசாட்சியோடு கடைப்பிடிக்கப்படுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கீதம் பாடியே ஆக வேண்டும் என்று நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டம் பாடவிடாமல் தடுப்பவர்களையும் பாடும் கூட்டத்தில் கலவரம் செய்பவர்களையும்தான் தண்டிக்கிறது. கல்வித் துறையின் சுற்றறிக்கையைக் காட்டி, அரசியல் சட்டத்தின் 19, 25ஆம் பிரிவுகள் தரும் உரிமையைப் பறிக்க முடியாது. எழுந்து நின்றதே மரியாதைதான். பிள்ளைகளை மறுபடி சேர்த்துக்கொண்டு, படிப்புக்கு வேண்டிய வசதியும் செய்து கொடுங்கள் என்று உத்தரவிட்டது. சட்டப் புத்தகங்களில் இது, அண்ணனின் பெயரால், ‘பிஜோ இம்மானுவேல் வழக்கு’.

அமெரிக்கா இதே பாடத்தைக் கற்க அதிக விலை கொடுத்தது. கொடி வணக்கம் செய்யாத சாட்சிப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கலாம் என்று 1940இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னது. அதைத் தொடர்ந்து பல ஊர்களில் சாட்சிகள் அடிபட்டார்கள். மெய்ன் மாநிலத்தில் அவர்களுடைய சபைக் கூடத்துக்கே தீ வைத்தார்கள். 1943 ஜூன் 14, அமெரிக்காவின் கொடி நாள். அன்று அதே நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று பழைய தீர்ப்பைக் கவிழ்த்தது. முதல் தீர்ப்பில் பெரும்பான்மையோடு நின்ற மூன்று நீதிபதிகள் மனம் மாறியிருந்தார்கள். போர் உச்சத்தில் இருந்த நேரத்தில் அப்படிச் சொல்லத் துணிவு வேண்டும்.

நம்பிக்கை என்று சொன்னால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட வேண்டுமா? கூடாது. 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தபோது, எதிர்த்தவர்களும் ஆகமம், ஐதீகம் என்றுதான் பேசினார்கள். அவர்களுடைய நம்பிக்கை இன்னொருவரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. அதனால்தான் இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடச் சட்டம் போடும் அதிகாரத்தை 25ஆம் பிரிவே அரசுக்குத் தருகிறது. கிடங்கூர்ப் பிள்ளைகள் யாரையும் எங்கேயும் தடுக்கவில்லை. பக்கத்தில் நின்றவன் பாடுவதற்கு அவர்களால் ஓர் இடைஞ்சலும் இல்லை. ஒரு நம்பிக்கை அடுத்தவரின் வழியை மறிக்கிறதா, இல்லையா என்று பார்த்தால் பாதி வழக்குகள் நீதிமன்றம் வரை போகவே வேண்டியதில்லை.

ஆனாலும் கிடங்கூர்த் தீர்ப்பு அடிக்கடி மறந்து போகிறது. 2016 நவம்பர் 30 அன்று, சினிமா தியேட்டர்களில் படத்துக்கு முன்னால் கீதம் போட வேண்டும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. சில இடங்களில் எழுந்திருக்காதவர்களைப் பக்கத்து சீட்டுக்காரர்களே தாக்கினார்கள். 2018 ஜனவரியில், கீதம் போடுவதைத் தியேட்டரின் விருப்பத்துக்கு விட்டு நீதிமன்றம் இறங்கி வந்தது.

வகுப்பறையில் ஹிஜாப் அணிவது பற்றிய உடுப்பி வழக்கிலும் ஒரு பழைய தவறு திரும்பியது. ஹிஜாப் இஸ்லாத்துக்கு இன்றியமையாததா என்ற ஆராய்ச்சியில் இறங்கி, இல்லை என்று 2022 மார்ச்சில் முடிவு சொன்னது கர்நாடக உயர் நீதிமன்றம். கீதத்தைச் சொல் சொல்லாகப் படித்த கேரள நீதிபதிகள் செய்ததும் இதைத்தான். அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இருவேறு தீர்ப்பு எழுதினார்கள். நீதிபதி சுதான்ஷு தூலியா கிடங்கூர்த் தீர்ப்பை எடுத்துவைத்து, இன்றியமையாததா என்ற ஆராய்ச்சியே இங்கு தேவையில்லை என்றார். ஒரு பெண் பிள்ளையின் படிப்புதான் தனக்கு முதன்மை என்றார். உரிய அமர்வு அமைக்கும்படி வழக்கு தலைமை நீதிபதியிடம் விடப்பட்டது.

பள்ளிக்கூட வாசலில் நின்று முடிவெடுப்பவர் நீதிபதி அல்ல, தலைமை ஆசிரியர். மேலிடத்திலிருந்து வாய்மொழியாக ஓர் உத்தரவு வரும்போது, நீட்டிக் காட்ட அவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும். 1986ஆம் ஆண்டுத் தீர்ப்பை அந்தந்த மாநில மொழியில் பெயர்த்து, தலைமை ஆசிரியர் பயிற்சியில் கல்வித் துறைகள் பாடமாகவே வைக்கலாம். அதற்குப் புதிதாக ஒரு சட்டமும் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.