டப்பா காரில் டிஜிட்டல் பாட்டு!



செமஸ்டர் லீவில் நாலு பேர் சேர்ந்து எங்கேயாவது கிளம்பினால், அஞ்சாவது ஆளாக ஒரு கார் வந்து நிற்கும். பெரும்பாலும் அது யாரோ ஒருத்தரின் அப்பா கார். மாருதி 800, பழைய சான்ட்ரோ, தாத்தா காலத்து அம்பாஸடர்... இப்படி ஏதோ ஒண்ணு. மாருதி 800, அம்பாஸடர் ரெண்டுமே 2014-ல் ஃபேக்டரியில் நின்றுபோய்விட்டன. ஆனால், ரோட்டில் நிற்கவில்லை! 15 வருஷம் முடிந்ததும் ஆர்.சி-யைப் புதுப்பித்துக்கொண்டு, அலட்டாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சிக்கல் என்னன்னா, பாட்டு உங்க பாக்கெட்டில் இருக்கிறது. ஸ்பீக்கர் கார் கதவில் இருக்கிறது. நடுவில், வில்லன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது ஒரு பழைய செட். 'அதைக் கழட்டிப் போட்டுட்டு டச் ஸ்க்ரீன் மாட்டிடலாம் தம்பி' என்று கடையில் ஒரு எஸ்டிமேட் நீட்டுவார்கள். பார்த்ததும் அப்பா காரையே பூட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார். கடைசியில், போனை எவர்சில்வர் டம்ளருக்குள் போட்டு, டேஷ்போர்டில் வைத்துக் கேட்டுக்கொண்டே ஊர் போய்ச் சேருவோம்.

தேவையா பாஸ் இது?

ஒரு சின்ன உண்மையைப் புரிந்துகொண்டால் போதும். கார் செட்டில் ரெண்டு ஆட்கள் இருக்கிறார்கள். முன்னால் இருப்பவர் பாட்டை வாங்குகிறவர். அதாவது கேசட், ரேடியோ, சி.டி. பின்னால் இருப்பவர் ஆம்ப்ளிஃபயர். வாங்கின சிக்னலைப் பெரிசாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறவர். பழசாகிப்போனது முதல் ஆள்தான். ரெண்டாவது ஆள் பல கார்களில் இன்னும் கிண்ணென்று இருக்கிறார். சிக்னல் கேசட்டிலிருந்து வந்ததா, உங்க போனிலிருந்து வந்ததா என்பதெல்லாம் அவருக்குத் தெரியவே தெரியாது. அவரிடம் போய்ச் சேர ஒரு வாசல் வேண்டும். அவ்வளவுதான். வாசலைத் தேடுவோம், வாங்க!

வாசல் 1: ஆக்ஸ்

செட்டின் முகத்தில் இயர்போன் ஓட்டை மாதிரி ஒன்று இருந்து, பக்கத்தில் 'ஆக்ஸ்' என்று போட்டிருந்தால் நீங்க அதிர்ஷ்டசாலி. ரெண்டு பக்கமும் 3.5 எம்.எம். பின் உள்ள ஒரு ஒயர் போதும். பின்னின் நுனி இடது சேனல், நடு வளையம் வலது சேனல், அடிப்பகுதி கிரவுண்ட். பாட்டில் ஒரு பக்கம் மட்டும் கேட்டால், முதலில் ஒயரைச் சந்தேகப்படுங்க. செட்டை அல்ல.

போனில் ஓட்டையே இல்லையா? ஐபோன் 7 வந்த 2016-க்குப் பிறகு அது சகஜமாகிவிட்டது. டைப்-சி-யிலிருந்து 3.5 எம்.எம்-முக்கு மாற்றும் குட்டி அடாப்டர் வாங்கலாம். ஆனால், அதில் ரெண்டு ஜாதி உண்டு. ஒன்றில் டிஜிட்டலைப் பாட்டாக மாற்றும் 'டாக்' சிப் உள்ளேயே இருக்கும். இன்னொன்று வெறும் ஒயர். போன் ஒத்துழைத்தால்தான் அது பாடும். 'டாக் இருக்கா அண்ணே?' என்று கேட்டு வாங்குங்க. வீட்டில் பழைய ஐபாட் தூங்குகிறதா? 2022-ல் ஆப்பிள் அதை நிறுத்திவிட்டாலும், உங்களுடையது ஓடும்வரை ராஜாதான். அடியில் 30 பின் சாக்கெட் இருந்தால், அதிலிருந்து 'லைன் அவுட்' ஒயர் போடலாம். ஐபாடின் வால்யூம் எதில் இருந்தாலும் சிக்னல் ஒரே அளவில், சுத்தமாக வரும்.

முகத்தில் ஆக்ஸ் இல்லையென்றால், முதுகைப் பாருங்க. சில செட்களின் பின்னால் சிவப்பு, வெள்ளை ஆர்.சி.ஏ. இன்புட்டோ, சி.டி. சேஞ்சருக்கான சாக்கெட்டோ சும்மாவே இருக்கும். அந்த மாடலுக்கென்று உள்ள அடாப்டர் கிடைத்தால், வேலை முடிந்தது.

வாசல் 2: கேசட்

'இதில் ஆக்ஸும் இல்லை, ஒண்ணும் இல்லை, வெறும் கேசட்தான்' என்று அழுகிறவர்களே, கண்ணைத் துடையுங்க. கேசட் அடாப்டர் என்று ஒரு பொருள் இருக்கிறது. பார்க்க அசல் கேசட். வால் மாதிரி ஒரு ஒயர் தொங்கும். உள்ளே டேப் கிடையாது. டேப் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குட்டி காந்தத் தலை. போனிலிருந்து வரும் கரன்ட் அதன் காயிலில் ஓடி, மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை உண்டாக்கும். செட்டின் தலை அதை உணர்ந்து, 'ஆஹா, டேப் ஓடுது' என்று நம்பிப் பாட ஆரம்பித்துவிடும். (ஃபிசிக்ஸ் வாத்தியார் ஃபாரடே பற்றிப் பேசும்போது தூங்கினவர்கள் இப்போ எழுந்திருக்கலாம்!)

1963-ல் ஃபிலிப்ஸ் கொண்டுவந்த கேசட்டின் சைஸ் உலகம் பூரா ஒன்றுதான். அதனால் அம்பாஸடர் செட்டுக்கும் பென்ஸ் செட்டுக்கும் ஒரே அடாப்டர் போதும். மூணு விஷயம் கவனிங்க. ஒன்று, போடுவதற்கு முன் செட்டின் தலையை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் மெதுவாகத் துடையுங்க. வருஷக்கணக்கான அழுக்கு இருக்கும். ரெண்டு, 'டால்பி' பட்டன் இருந்தால் ஆஃப் பண்ணுங்க. ஆன் ஆகியிருந்தால், தலையணையை அமுக்கிக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கும். மூணு, ஆட்டோ ரிவர்ஸ் செட் பக்கம் மாறிவிட்டால் சத்தம் போய்விடும். திசையை மாற்றும் பட்டனைத் தட்டினால் திரும்பி வரும்.

வாசல் 3: யு.எஸ்.பி.

'யு.எஸ்.பி. இருக்கு, போனைச் சொருகினா சார்ஜ் ஏறுது, பாட்டு வரலை!' நண்பர்கள் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. பழைய செட்கள் பென் டிரைவை மட்டுமே படிக்கத் தெரிந்தவை. இன்றைய ஆண்ட்ராய்டு போன், பென் டிரைவ் பாஷை பேசுவதில்லை. எம்.டி.பி. என்ற வேறு பாஷை பேசுகிறது. செட்டுக்கு அது புரியாது. அதனால் பாட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். டிரைவை 'ஃபேட்32' முறையில் ஃபார்மேட் செய்யுங்க. 32 ஜி.பி-க்கு மேலான மெமரி கார்டுகள் கடையிலிருந்து 'எக்ஸ்ஃபேட்' முறையில்தான் வரும். பல பழைய செட்கள் அதைப் பார்த்ததும் 'எரர்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஃபைல்கள் எம்.பி.3-ஆக இருந்தால் சண்டையே இல்லை.

வாசல் 4: ப்ளூடூத்

போன் பேச ப்ளூடூத், பாட்டு கேட்க ப்ளூடூத், ரெண்டும் வேறு வேறு. சில பழைய கார்களில் பேசுவதற்கானது மட்டும்தான் உண்டு. இணைந்துவிட்டதாக ஸ்க்ரீனில் காட்டும். ஆனால் பாட்டு போனிலேயே பாடும். பாட்டு வேண்டுமென்றால் 'ஏ2டிபி' என்ற வசதி வேண்டும். அது இல்லையென்றால், ஆக்ஸில் சொருகும் குட்டி ப்ளூடூத் ரிசீவர் வாங்கிக்கொள்ளலாம்.

வாசல் 5: எஃப்.எம்.

எல்லா வாசலும் பூட்டியிருந்தால், ஜன்னல் வழியாகக் குதிப்பதுதான் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகினால், ஒரு குட்டி ரேடியோ ஸ்டேஷனாகிவிடும். செட்டில் அதே நம்பரை ட்யூன் செய்தால் பாட்டு. ஆனால், ஒரே நம்பரில் ரெண்டு ஸ்டேஷன் வந்தால் பலசாலிதான் ஜெயிப்பார். சென்னையில் 93.5, 98.3, 106.4 எல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைகள். அவர்களிடம் மோதாமல், வெறும் 'ஷ்ஷ்ஷ்' மட்டும் கேட்கும் காலி இடமாகப் பாருங்க. சென்னையில் காலியாக இருந்த இடம் திருச்சியிலும் காலியாக இருக்கும் என்று கேரன்டி கிடையாது. எஃப்.எம். ஒலிபரப்பு 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலியைக் கொண்டுபோகவும் போகாது. அதனால் இது கடைசி சாய்ஸ்தான்.

ஙொய்ய்ய்...

எல்லாம் மாட்டியாச்சு. பாட்டும் வருகிறது. கூடவே பின்னணியில் 'ஙொய்ய்ய்' என்று ஒரு கொசு. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கொசுவும் சுதி ஏற்றுகிறது. உடனே 'செட் போச்சு' என்று முடிவுகட்டுவார்கள். செட் போகவில்லை மக்களே. இதுதான் கிரவுண்ட் லூப்!

போனை கார் சார்ஜரில் போட்டு, அதே போனை ஆக்ஸிலும் போட்டால், கிரவுண்ட் ரெண்டு வழியாகப் போகிறது. ஒன்று சார்ஜர் வழி, இன்னொன்று ஆக்ஸ் ஒயர் வழி. ரெண்டும் சேர்ந்து ஒரு வளையம். ஆல்டர்னேட்டர் தயாரிப்பது ஏ.சி. டயோடுகள் அதை டி.சி-யாக மாற்றினாலும், மேலே கொஞ்சம் அலை மிச்சமிருக்கும். எஞ்சின் வேகம் ஏற, அலையின் வேகமும் ஏறும். அந்த அலை வளையத்துக்குள் புகுந்து பாட்டோடு கலந்துவிடுகிறது. கொசு ரெடி!

கண்டுபிடிக்க காசே வேண்டாம். சார்ஜர் ஒயரைப் பிடுங்குங்க. கொசு செத்ததா? அப்போ குற்றவாளி வளையம்தான். பவர் பேங்கில் சார்ஜ் போடுங்க, அல்லது 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' ஒன்றை ஆக்ஸ் ஒயரின் நடுவில் மாட்டுங்க. அதற்குள் இருப்பது குட்டி டிரான்ஸ்ஃபார்மர். பாட்டைக் கடத்தும், கிரவுண்டைத் துண்டிக்கும். ரொம்ப மட்டமானது வாங்கினால் பேஸ் மெலிந்துவிடும், ஜாக்கிரதை. சென்னைவாசிகளுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்க பயமேன்? சார்ஜரைப் பிடுங்கியும் கொசு சாகவில்லை என்றால், செட்டின் கிரவுண்ட் ஒயர் பாடியில் சரியாகப் பிடிக்கவில்லையா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்க.

50×4 என்ற மாயம்

புது செட் அட்டைப்பெட்டியில் '50 வாட்ஸ் × 4' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கால்குலேட்டரை எடுங்க. எஞ்சின் ஓடும்போது சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ வர்க்கப்படுத்தி 4-ஆல் வகுத்தால் சுமார் 52 வாட்ஸ். அட, சரியாத்தானே இருக்கு? அங்கேதான் ட்விஸ்ட். அது அலை முழுசாக நசுங்கி, சதுரமாகிக் கதறும்போது வரும் கணக்கு. ஒழுங்கான சைன் அலைக்கு அதில் பாதி, சுமார் 26 வாட்ஸ்தான் உச்சம். நடைமுறையில் அதற்கும் குறைவு. அதே 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் உங்க பழைய செட்டையும் இந்தப் புது செட்டையும் பிரிப்பது, பெட்டியில் இருக்கிற அளவுக்குப் பெரிய தூரமில்லை. அந்த நம்பரைப் பார்த்து மயங்கி பர்ஸைத் திறக்காதீங்க.

அதைவிட, வால்யூமைச் சரியாக வையுங்க. ஆக்ஸ், கேசட் என்றால், போனில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே வைத்துவிட்டு, மிச்சத்தைச் செட்டில் ஏற்றுங்க. போனில் குறைத்து, செட்டில் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து பெரிசாகும். போனில் முழுசாக வைத்தால் சில நேரம் கரகரக்கும். ப்ளூடூத் என்றால் போனில் முழுசாகவே வைக்கலாம்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

இனி கொஞ்சம் சீரியஸ். 'நான் எலெக்ட்ரானிக்ஸ் டிபார்ட்மென்ட்' என்று காலரைத் தூக்குகிறவர்கள் ரெண்டு தடவை படிங்க.

* போனின் இயர்போன் அவுட்புட்டை நேராக ஸ்பீக்கர் ஒயரில் ஒட்டாதீங்க. செட் ஓடினால், திரும்பி வரும் வோல்டேஜில் போனுக்கு சங்குதான்.

* இன்றைய செட்களில் ஸ்பீக்கரின் மைனஸ் ஒயர் கிரவுண்ட் கிடையாது. அதை கார் பாடியில் தொட்டால் ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. காலி.

* செட்டைக் கழட்டும் முன் பேட்டரியின் மைனஸைக் கழட்டுங்க. மஞ்சள் கனெக்டர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குடையவை. தொடவே தொடாதீங்க. ஏர்பேக் மூடிமேல் ஒயரும் ஓட்டாதீங்க.

* ஃப்யூஸ் போனால், அதே ஆம்பியர் ஃப்யூஸ்தான் போடணும். 10-க்கு பதில் 30 போட்டால், ஷார்ட் ஆகும்போது ஃப்யூஸ் எரியாது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒயர் எரியும். பிறகு பெட்ரோல் டேங்கோடு இருக்கும் வண்டிக்குள் நீங்க உட்கார்ந்திருப்பீங்க. ஒரு பாட்டுக்கு இந்த ரிஸ்க் வேண்டாம்.

கடைசியாக, டி.ஜே. யார் என்று கிளம்பும் முன்பே முடிவுபண்ணுங்க. முன் சீட்டில் உட்காருகிறவர்தான் டி.ஜே. ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு அந்தப் பதவி கிடையாது, அது அவரோட அப்பா காராகவே இருந்தாலும்! ஓட்டும்போது கையில் மொபைலைப் பிடித்துப் பயன்படுத்துவதை, 2019-ல் வந்த மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் ஆபத்தான ஓட்டுதல் கணக்கில் சேர்த்துவிட்டது. சட்டத்தை விடுங்க. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு செகண்டில் 22 மீட்டர் ஓடிவிடும். அடுத்த பாட்டைத் தேட மூணு செகண்ட் குனிந்தால், 66 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டின கணக்கு. ஈ.சி.ஆரில் அந்த 66 மீட்டருக்குள் ஒரு மாடு, ஒரு சைக்கிள், ஒரு டீக்கடை மூணுமே வரும்.

அதனால் பிளேலிஸ்ட்டை வீட்டு வாசலிலேயே ரெடி பண்ணிடுங்க. செட்டை மாற்றாமல் மிச்சம் பிடித்த காசில் டேங்கை நிரப்புங்க. அப்பாவுக்குப் பிடிச்ச ரெண்டு பாட்டையும் மறக்காமல் சேர்த்துக்கங்க. அடுத்த தடவையும் சாவி வேணும்ல?

அடுத்த வாரம்: ஃபேன் ரெகுலேட்டரை ஒண்ணாம் நம்பரில் வைத்தால் கரன்ட் பில் குறையுமா? ஹாஸ்டல் வார்டன்களும் படிக்கலாம்!