பாக்கெட்டைப் பிடித்தால் போதுமா?

திருத்தணியில் திருப்பதி பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் மாநிலம் மாறிவிடும். பொன்பாடி சோதனைச் சாவடியைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் தெலுங்கு எழுத்து வந்துவிடுகிறது. மனிதர்கள் என்னவோ அதே தமிழில்தான் பேசிக்கொள்கிறார்கள். 1960 ஏப்ரல் 1ம் தேதி எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதின்மூன்று பதினான்கு கிலோமீட்டரில் இருக்கும் நகரி ஆந்திராவிலேயே தங்கிவிட்டது. கல்யாணமும் கடனும் வியாபாரமும் அந்தக் கோட்டைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை.

அந்த வியாபாரங்களில் ஒன்று குட்கா. பொன்பாடியில் வண்டியை நிறுத்திச் சோதிக்கிறார்கள். ‘தடை செய்யப்பட்ட புகையிலைப் பொருட்கள்’ பிடிபட்டதாக மறுநாள் பத்திரிகையின் உள்ளூர்ப் பக்கத்தில் செய்தி வருகிறது. கைதானவர் பெரும்பாலும் டிரைவராக இருப்பார், அல்லது பெட்டிக்கடைக்காரராக. அந்தச் செய்தியில் அநேகமாக வராத தகவல் ஒன்று உண்டு. இந்தப் பாக்கெட் எந்தத் தொழிற்சாலையில் தயாரானது?

வாங்குகிறவர் யார் என்பதைத் தெரிந்துகொள்ள அதிக தூரம் போக வேண்டியதில்லை. நகரியும் புத்தூரும் விசைத்தறி ஊர்கள். எனக்குப் பழக்கமான தறிக்காரர் ஒருவர் அங்கே இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். முப்பது வருஷ இரவு ஷிப்ட். பீடி பிடிக்காமல் ஏன் இந்தப் பழக்கம் என்று ஒருமுறை கேட்டேன். “பீடின்னா வெளியே போகணும் சார். நூல் இருக்கிற இடத்துல நெருப்பு ஆகாது. இதை வாயில அடக்கிட்டா ரெண்டு கையும் தறியில இருக்கும். தூக்கமும் வராது” என்றார்.

இதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. தொழிலே சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. லாரி ஓட்டுகிறவருக்கும் கட்டட வேலை செய்கிறவருக்கும் கிட்டத்தட்ட இதே காரணம்தான். 2016-17ல் நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் 10.7 சதவீதம் பேர் புகைக்கிறார்கள்; 21.4 சதவீதம் பேர் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். நம் பேச்சிலும் சினிமா எச்சரிக்கையிலும் முன்னால் நிற்பது சிகரெட். ஆனால் நம் வாய்களில் அதிகம் இருப்பது மெல்லும் புகையிலை.

ஆந்திராவில் தடை இல்லை, தமிழ்நாட்டில் தடை இருக்கிறது, ஆகவே கடத்துகிறார்கள் என்று நினைத்தால் அது தவறு. ஆந்திரா 2013 ஜனவரியிலேயே குட்காவைத் தடை செய்துவிட்டது. தமிழ்நாடும் கர்நாடகமும் அதே ஆண்டு மே மாதம் தடை விதித்தன. மூன்று மாநிலங்களும் கதவைச் சாத்திய பிறகும் சரக்கு நடமாடுகிறது என்றால் கோளாறு பொன்பாடியில் மட்டும் இருக்க முடியாது.

முதல் கோளாறு சட்டத்தில் இருக்கிறது. உணவுப் பொருளில் புகையிலையோ நிகோடினோ சேர்க்கக் கூடாது என்று 2011ல் விதி வந்தது. அதைச் செயல்படுத்த மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையர் பிறப்பிக்கும் உத்தரவின் ஆயுள், 2006ம் ஆண்டுச் சட்டத்தின் 30வது பிரிவுப்படி, அதிகபட்சம் ஓராண்டு. எனவே ஆண்டுதோறும் உத்தரவைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. நிரந்தர நோய்க்குத் தவணை முறையில் மருந்து.

வியாபாரிகள் இதைவிடச் சுறுசுறுப்பானவர்கள். பாக்கையும் புகையிலையையும் கலந்தால்தானே குட்கா? பான் மசாலாவை ஒரு பாக்கெட்டிலும் புகையிலையை இன்னொரு பாக்கெட்டிலும் போட்டார்கள். கலக்கும் வேலையை வாடிக்கையாளரின் உள்ளங்கைக்கு விட்டுவிட்டார்கள். 2016ல் உச்ச நீதிமன்றம் இந்த இரட்டைப் பாக்கெட் தந்திரத்தைக் கவனித்து, தடையை முழுமையாக அமல்படுத்தும்படி மாநிலங்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது.

நீதிமன்றங்களின் பதிலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. தமிழ்நாடு முதலில் குட்காவைத் தடை செய்தது 2001ல். தற்காலிக அதிகாரத்தை வைத்துக்கொண்டு இப்படித் தடை விதிக்க முடியாது என்று 2004ல் உச்ச நீதிமன்றம் கூறியது. வேறொரு சட்டத்தின் கீழ் வந்த பிந்தைய தடையையும் 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓராண்டு அதிகாரத்தை வருஷா வருஷம் நீட்டி நிரந்தரத் தடையாக்க முடியாது என்பது அதன் வாதம். அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்ததால் தடை பிழைத்தது.

இரண்டாவது கோளாறு வரிப் பட்டியலில். பெரும்பாலான மாநிலங்கள் குட்காவைத் தடை செய்து நாலு வருஷம் கழித்து, 2017ல், ஜி.எஸ்.டி. வந்தது. இழப்பீட்டு மேல்வரிப் பட்டியலில் குட்கா அதன் பெயராலேயே இடம்பெற்றது. 204 சதவீதம் என்று விகிதமும் போட்டார்கள். ஒரு அரசு இல்லை என்று சொல்லும் பொருளுக்கு இன்னொரு அரசு வரி விகிதம் எழுதுகிறது. இரண்டு உத்தரவுகளையும் படிக்கும் சாமானியன் எதை நம்புவான்?

மூன்றாவது கோளாறைச் சொல்லாமல் விட முடியாது. 2016ல் சென்னையில் ஒரு குட்கா நிறுவனத்தில் வருமான வரித்துறை சோதனையிட்டபோது, யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற கணக்கு சிக்கியதாகச் செய்தி வந்தது. தடையாவது, தாராளமாகக் கிடைக்கிறதே என்று காட்ட 2017 ஜூலையில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பாக்கெட்டுகளைச் சட்டமன்றத்துக்கே கொண்டுவந்தார்கள். அதற்காக அவர்கள் மீது உரிமைப் பிரச்சினை எழுந்தது. 2018ல் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. அந்த செப்டம்பரில் சோதனை அமைச்சர் வீடு, காவல்துறைத் தலைவர் வீடு வரை போனது. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் பெட்டிக்கடைக்காரரைப் பிடித்து இந்த வியாபாரத்தை ஒழித்துவிட முடியாது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

நகரி வழியாகத் திருப்பதி போகும் பக்தர்களுக்கு அலிபிரி சோதனை தெரியும். திருமலைக்குப் புகையிலை போகக் கூடாது என்று ஒவ்வொரு பையையும் பார்க்கிறார்கள். அங்கே அது பலிக்கிறது. மலைக்கு வழிகள் சில. எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கையில். மாநில எல்லை அப்படியா? நெடுஞ்சாலை இருக்கிறது, ரயில் இருக்கிறது, வயல் வரப்பும் இருக்கிறது. பொன்பாடியை அலிபிரியாக்க முடியாது.

உலகம் இதைக் கொஞ்சம் வேறு விதமாக யோசித்திருக்கிறது. புகையிலையின் சட்டவிரோத வணிகத்தை ஒழிக்கும் சர்வதேச உடன்பாடு 2012 நவம்பரில் சியோலில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2018 ஜூனில் இந்தியா அதில் சேர்ந்தது. செப்டம்பரில் உடன்பாடு அமலுக்கு வந்தது. அதன் சாரம் எளிது. தேடலை எல்லையில் தொடங்காதே, உற்பத்தியில் தொடங்கு. தயாரிப்பவருக்கு உரிமம் வேண்டும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் தனி அடையாளம் வேண்டும். எங்கே பிடிபட்டாலும் பிறந்த இடம் தெரிய வேண்டும்.

நம்மால் இது முடியாது என்று சொல்வதற்கில்லை. பான் மசாலா, புகையிலைப் பொருட்கள் தயாரிப்பவர்கள் பாக்கெட் போடும் இயந்திரங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024ல் ஜி.எஸ்.டி. நிர்வாகம் விதித்தது. பதியாத ஒவ்வொரு இயந்திரத்துக்கும் 1 லட்சம் ரூபாய் அபராதம். பொருட்களில் தனி அடையாளக் குறியிட உத்தரவிடும் அதிகாரத்தை 2025ம் ஆண்டு நிதிச் சட்டம் அரசுக்குக் கொடுத்தது. வரிக்காக இயந்திரத்தின் விலாசத்தைக் கேட்டு வாங்கும் அரசுகள், அதே விலாசத்தைத் தடைக்காகவும் பயன்படுத்தினால் என்ன? டெல்லியில் இருக்கும் பதிவேடும் பொன்பாடியில் பிடிபடும் மூட்டையும் ஒரே மேஜைக்கு வந்தால், டிரைவரோடு நிற்கும் வழக்கு தொழிற்சாலை வாசல் வரை போகும்.

தறிக்காரரைச் சமீபத்தில் பார்த்தேன். வாய் சரியாகத் திறக்கவில்லை. மூன்று விரல் நுழைய வேண்டிய இடத்தில் ஒரு விரல்தான் நுழைகிறது. வேலூரில் டாக்டர் சொன்ன பிறகு புகையிலையை விட்டுவிட்டார். சோற்றைக் குழையப் பிசைந்து சாப்பிடுகிறார். தடை வந்து என்ன மாறியது என்று கேட்டேன். “விலைதான் ஏறிச்சு சார்” என்றார்.

இப்போது இரவு ஷிப்ட் அவர் மகனுடையது. விடிந்து வீடு வந்ததும் மகனின் சட்டைப் பையைத் துழாவிப் பார்க்கிறாராம். சில நாட்களில் கையில் பாக்கெட் அகப்படுகிறது. பிடுங்கி எறிகிறார். அடுத்த நாள் இன்னொன்று வருகிறது. பொன்பாடியில் போலீஸ் செய்வதும் இதையேதான்.