பானெட்டைத் திறங்க சார்!

தி.நகர் நெரிசல்ல பழைய கார் நின்னுட்டா நம்மாளுங்க கை போறது பானெட்டுக்கு இல்ல, செல்போனுக்கு! "பழசாயிடுச்சு, வித்துத் தொலைங்க"ன்னு பக்கத்து வீட்டு இலவச அறிவுரை வேற.

காமர்ஸ் மக்களே, வருமான வரிக் கணக்குல காருக்குத் தேய்மானம் வருஷம் 15 சதவீதம். அது ஏட்டுக் கணக்கு. இன்ஜினுக்கு அது தெரியாது. ஆயிலும் கூலன்ட்டும் ஒழுங்கா இருந்தா ஓடும், அவ்ளோதான்.

1983ல வந்து 2014ல உற்பத்தி நின்ன மாருதி 800ஐயே எடுத்துக்குங்க. 796 சிசி, மூணே சிலிண்டர். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பேட்டரி டெர்மினல் எல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை வேலை. உதிரிபாகத்துக்கு ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை இருக்கவே இருக்கு.

கத்துக்கலேன்னா என்ன நஷ்டமா? 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கினதை மறந்துட்டீங்களா? இன்ஜினுக்குள்ள தண்ணி போன காரை சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணினா கனெக்டிங் ராடே வளைஞ்சிடும். காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது. இந்த ஒரு வரி தெரிஞ்சா ஒரு இன்ஜின் மிச்சம்.

பிரேக், ஸ்டியரிங் வேலையை மெக்கானிக் அண்ணன்கிட்டயே விடுங்க. ஆனா அவர் பில்லைப் படிச்சுப் புரிஞ்சுக்கற அளவுக்காவது கத்துக்குங்க. பேலன்ஸ் ஷீட்டே படிக்கிறவங்களுக்கு இது என்ன பெரிய விஷயம்?