குதிரைக்கு மலைப்பாதை, மனிதனுக்கு இருட்டு

இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட், பீங்கான் சூளைகளால் வளர்ந்த நகரம். அதற்கு வடக்கே ஹேர்காசில் குன்றைக் குடைந்து 1777இல் திறக்கப்பட்ட கால்வாய்ச் சுரங்கத்தைப் பொறியியல் சாதனை என்று வரலாறு போற்றுகிறது. சாதனைதான். ஆனால் அதைப் பயன்படுத்திய விதம் அநீதி.

கரடுமுரடான சாலையில் பொதிக்குதிரை சுமந்த பீங்கான் அடிக்கடி வழியிலேயே உடைந்தது. ஜோசையா வெட்ஜ்வுட் முதலான முதலாளிகள் கால்வாய் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம். பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி 1766இல் வேலையைத் தொடங்கினார். குன்றின் மேலிருந்து கிணறுகள் இறக்கி, அவற்றின் அடியிலிருந்து இரு பக்கமும் தோண்டினார்கள். ஊற்றுநீர் பெருகியது, பாறை மறித்தது. 1772இல் பிரிண்ட்லி இறந்த பிறகும் வேலை ஐந்தாண்டு நீண்டது. நீளம் 2,880 கெஜம்; அகலமோ ஒன்பது அடிதான். குதிரை நடந்து படகை இழுக்க உள்ளே கரை விடவில்லை.

ஆகவே குதிரையை அவிழ்த்துக் குன்றின் மேலாக ஓட்டிச் சென்றார்கள். அந்த வழிக்கு இன்றும் போட்ஹார்ஸ் ரோடு என்றே பெயர். படகை மனிதர்கள் தள்ளினார்கள்: மல்லாந்து படுத்து, சுரங்கச் சுவரைக் காலால் உதைத்து உதைத்து, ஈரத்திலும் இருட்டிலும் இரண்டு மூன்று மணி நேரம். டன் கணக்கில் சரக்கு அந்தக் கால்களின் பலத்தில் நகர்ந்தது.

1766இல் இதைக் குற்றம் என்று சொல்லமாட்டோம். அவ்வளவு நீளச் சுரங்கம் அந்த நாட்டுக்கே புதிது. அகலப்படுத்த அறிவும் பணமும் போதவில்லை. ஆனால் 1827க்குப் பிறகு அந்த மன்னிப்பு செல்லாது. அந்த ஆண்டு பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்ட் பக்கத்திலேயே, குதிரை நடக்கும் கரையோடு, மூன்றே ஆண்டில் இரண்டாவது சுரங்கத்தை முடித்துக் காட்டினார். மாற்றுவழி கண்ணெதிரே இருந்தும் பழைய சுரங்கத்தைக் கால்வாய் நிறுவனம் விடவில்லை. ஒன்றில் போக, மற்றொன்றில் வர என்று இரண்டையும் ஓட்டினால்தான் நெரிசல் குறைந்தது, வரும்படி கூடியது. 1840களின் பிற்பாதியில் ரயில் நிறுவனம் ஒன்று கால்வாயை வாங்கியது. பழைய சுரங்கத்துக்கு அப்போதும் கரை வரவில்லை.

உதைத்தவர்களுக்குக் கூலி கிடைத்ததே என்று வாதிடலாம். வேறு வேலையில்லாதவன் ஒப்புக்கொண்ட கூலி, கொடுத்தவரின் பொறுப்பைத் தீர்த்துவிடாது. தெரிந்தே செய்தார்கள், அதுதான் குற்றம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய சுரங்கத்தில் போக்குவரத்து நின்றது. சுற்றிலும் நிலக்கரி தோண்டியதில் தரை அமிழ்ந்து, படகு நுழைய முடியாமல் போயிருந்தது. உள்ளே படுத்து உதைத்தவர்களை எண்ணி யாரும் அதை மூடவில்லை.