ஒருபிடி பயறு போதாதா?

அண்மையில் பாடசாலையொன்றின் தரம் 3 வகுப்பறையில் அமர்ந்திருந்தேன். 'உயிருள்ளவை, உயிரற்றவை' பாடம். திறன்பலகையில் நாய் ஓடியது, பஸ்ஸும் ஓடியது, மரம் மட்டும் அசையாது நின்றது. சிறுமியொருத்தி மரத்தை உயிரற்றவற்றின் பக்கம் நகர்த்தினாள். 'பிழை' என ஒலித்தது பலகை. ஏன் பிழையென எவரும் விளக்கவில்லை.

அசைவனவற்றுக்கெல்லாம் உயிருண்டென எண்ணுவது குழந்தை இயல்பு என்பதைச் சுவிஸ் உளவியலாளர் பியாஜே 1926இலேயே எழுதிவிட்டார். எல்லாவற்றையும் அசையவைக்கும் திரை அம்மயக்கத்தை வளர்க்குமேயன்றித் தீர்க்காது. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராக வகுத்தது தொல்காப்பியம். அதைப் போற்றும் நாம் இதைக் கண்டும் வாளாவிருக்கிறோம்.

தொழில்நுட்பத்தை நான் எதிர்க்கவில்லை. நாட்கணக்கில் விரியும் மொட்டை நொடிகளில் காட்ட அதனால் இயலும். ஆனால், ஈரப்பஞ்சில் பயற்றையும் அருகே ஒரு கூழாங்கல்லையும் வைத்துப் பாருங்கள். மூன்றாம் நாள் விடையைப் பிள்ளையே சொல்லும். இலட்சங்களைக் கொட்டிப் பலகை வாங்குவோரே, ஒருபிடி பயற்றை மறந்தது ஏன்?